மைக்கம்மா மகளுக்குப் பாட்டில் பழக்கிய கதை

பேருந்து நிலையத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாளாகிவிட்டது. ஓட்டுநர், நடத்துநர், டீக்கடைக்காரர், குப்பை அள்ளுகிறவர், எல்லாருக்கும் அவள் மைக்கம்மா. நடைமேடைகளுக்கு நடுவே மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு கூண்டு. அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு மேசை, மேசைமேல் ஒரு மைக். காற்றாடி ஒன்றும் உண்டு. ஆனால் அது சுற்றினால் மைக்கில் உர்ரென்று கேட்கும் என்பதால் அறிவிப்பு சொல்லும்போது நிறுத்திவிட வேண்டும். அறிவிப்போ ஓயவே ஓயாது. அதனால் அது தலைக்கு மேல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் முதலில் சேர்ந்தது டிக்கெட் கவுன்டரில். பழைய அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்ட ஒரு நாள், "சும்மா ரெண்டு வண்டிக்கு மட்டும் சொல்லும்மா" என்று மேலாளர் அவளைப் பிடித்துக் கூண்டில் உட்கார வைத்தார். உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை. தேன் குரல், குயில் குரல் என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். சாதாரணக் குரல்தான். ஆனால் அவள் சொன்னால் புரியும். பத்து பேருந்து ஒரே நேரத்தில் உறுமினாலும், "துறைமுகம் செல்லும் பேருந்து நான்காம் நடைமேடையில் புறப்படத் தயாராக உள்ளது" என்று அவள் சொல்வது கடைசிக் கழிப்பறையில் இருப்பவருக்கும் கேட்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருக்கட்டுமே, மனுஷிக்குப் பெருமைப்பட ஒன்றாவது வேண்டாமா?

அவள் கணவர் தையல்காரர். கடையெல்லாம் கிடையாது, வீட்டிலேயே தையல். தங்கும் விடுதிகளுக்குத் தலையணை உறை, ஜன்னல் திரை, மேசை விரிப்பு தைத்துக் கொடுப்பார். வீடு பேருந்து நிலையத்தின் பின்சுவரை ஒட்டிய தெருவில். ஒரு கூடம், ஒரு சமையலறை. கூடத்தில் பாதி அவருடைய மோட்டார் மிஷினுக்கு. ஜன்னலுக்கு நேர் எதிரே, சுவருக்கு அந்தப் பக்கம், கம்பத்தில் ஓர் ஒலிபெருக்கி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் அந்த வீட்டில்தான் இருந்தார். "உன் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகின பிறகுதான்மா உன்னையே கட்டிக்கிட்டேன். இனிமே நீ என்ன திட்டினாலும் என் காதுல ஏறாது" என்பார். விளையாட்டுக்குச் சொன்னாலும் அது நிஜம். அந்தத் தெருக்காரர்கள் யாருக்குமே அந்த ஒலிபெருக்கி கேட்பதில்லை. புதிதாக வரும் விருந்தாளி காதைப் பொத்திக்கொண்டால்தான், "ஓ, அதுவா" என்பார்கள்.

இவர்களுக்குப் பிறந்த பெண் குழந்தை அளவில் சிறியது, சத்தத்தில் பெரியது. கையில் வாங்கிய உடனே, "மிளகு மாதிரி இருக்கா. ஆனா காரத்தைப் பாரேன்" என்றார் தையல்காரர். அன்றிலிருந்து அவள் மிளகு.

பிரசவ விடுப்பு இருந்தவரை ஒரு குறையும் இல்லை. மிளகு நினைத்த நேரத்தில் குடித்தாள், நினைத்த இடத்தில் தூங்கினாள். மைக்கம்மாவுக்குப் பாலுக்கும் பஞ்சமில்லை. விடுப்பு முடிந்து கூண்டுக்குத் திரும்பிய பிறகுதான் பிரச்சினை ஆரம்பித்தது.

முதலில் அவள் ஓடினாள். வண்டி குறைவாக இருக்கும் நேரம் பார்த்து, பின்சுவரில் இடிந்திருந்த சந்து வழியாக நுழைந்து வீட்டுக்குப் போய், மிளகுக்குப் பால் கொடுத்துவிட்டு, அவள் முடிக்குமுன்பே பிடுங்கிக்கொண்டு திரும்ப ஓடி வந்தாள். மூச்சு வாங்க மைக்கைப் பிடிப்பாள். "என்ன மைக்கம்மா, பஸ்ஸைத் தள்ளிட்டு வந்தீங்களா?" என்று நடத்துநர்கள் கிண்டல் செய்தார்கள். ஒருநாள் அவள் வீட்டில் இருந்த நேரத்தில் இரண்டு பேருந்துகளின் நடைமேடை மாறிவிட்டது. சொல்ல ஆளில்லாமல் கூட்டம் இங்கும் அங்கும் அல்லாடியது. மேலாளர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்களே. "இனிமே ஷிப்ட் முடியறவரைக்கும் கூண்டை விட்டு நகரக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டார்.

பாலைப் பீய்ச்சி எடுத்து வைத்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தாள். காலையில் சமையல், துணி, குளியல் எல்லாவற்றுக்கும் நடுவே உட்கார்ந்து பீய்ச்சினால் கிண்ணத்தின் அடி நனையும், அவ்வளவுதான். வேலையிடத்தில் எங்கே போவது? கூண்டோ கண்ணாடிக் கூண்டு. கழிப்பறையிலோ எப்போதும் வரிசை. மதியத்துக்குள் மார்பு கல்லாகிவிடும். துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பிப்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பசியில் வெறிபிடித்த குழந்தை ஒன்று காத்திருக்கும். இரவெல்லாம் அது மார்பை விட்டு நகராது. பகலில் விட்டதை எல்லாம் இரவில் வசூல் செய்துகொண்டது. அவள் எப்போது தூங்கினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஒரு தடவை கூண்டில் உட்கார்ந்தபடியே கண் அசந்து, அணைக்காத மைக்கில் அவள் விட்ட குறட்டை நிலையம் முழுக்கக் கேட்டது என்று டீக்கடைக்காரர் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.

குழந்தைகள் மருத்துவமனையில் எடை பார்த்த நர்ஸ் முகத்தைச் சுளித்தார்.

"எடை ஏறலையேம்மா. பகல்ல என்ன கொடுக்கறீங்க?"

"பீய்ச்சி வச்சது கொஞ்சம். பத்தறதில்ல சிஸ்டர்."

"அப்ப பகலுக்குப் பவுடர் பால் பழக்கிடுங்க. காலையிலயும் ராத்திரியும் நீங்க கொடுங்க. இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. உங்களையும் கொஞ்சம் கண்ணாடியில பாருங்க, பாதியா போயிட்டீங்க. ஆனா ஒண்ணு, பாட்டில் பழக்கும்போது நீங்க பக்கத்துலயே இருக்கக் கூடாது. உங்க வாசனை, உங்க குரல் எதுவும் இருந்தா குழந்தை பாட்டிலைத் தொடாது. வேற யாராவது கொடுக்கட்டும்."

அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகையும் வந்தது, அப்பாடா என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் எதையும் காட்டிக்கொள்ளாமல் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். வீட்டில் இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். மாதக் கடைசிக்குள் மிளகு பகலில் பாட்டில் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் மைக்கம்மா வேலையை விட வேண்டும். தலையணை உறையை மட்டும் நம்பி வீடு நடக்காது என்று இருவருக்கும் தெரியும். அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பால் டப்பா வந்தது. பாட்டில் வந்தது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில், டப்பாவோடு வந்த கரண்டியால் தலை தட்டி அளந்து போட்டு, தையல்காரர் முதல் பாட்டிலைக் கலக்கினார். துணியை அளந்த கை, அதில் பிசகு வராது. பாட்டிலை வாயில் வைத்தார். மிளகு இரண்டு உறிஞ்சு உறிஞ்சினாள். "ஆகா, தங்கமே!" என்று அவர் சொல்லி வாயை மூடவில்லை, அவள் துப்பிவிட்டு வீல் என்று கத்தினாள். தலையை இப்படியும் அப்படியும் திருப்பி எதையோ தேடினாள். அவ்வளவுதான், அப்புறம் அந்த வாய் திறக்கவே இல்லை.

அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. ரப்பர் கெட்டியாக இருக்கிறது என்று ரப்பரை மாற்றினார்கள். ஓட்டை சின்னது என்று ஓட்டை பெரியதை வாங்கினார்கள். சூடு போதாதோ, சூடு அதிகமோ, மடியில் போடுவதா, தோளில் சாய்ப்பதா, நடந்துகொண்டே கொடுப்பதா, தலைகீழாக நின்று மட்டும்தான் பார்க்கவில்லை. மாடியில் குடியிருந்த தையல்காரரின் அக்கா தினமும் இறங்கி வந்து ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போவார். யோசனை சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"அவ வாசனை இல்லாம எப்படிடா குடிக்கும்? அவ நைட்டியை எடுத்துத் தோள்ல போட்டுக்க" என்றார் ஒருநாள்.

நர்ஸ் சொன்னதற்கு நேர் எதிர்தான். ஆனாலும் போட்டுக்கொண்டார். போட்டால் நழுவியது. கடைசியில் மாட்டியே கொண்டார். பூப்போட்ட நைட்டியும் மீசையுமாக அவர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தபோது பார்த்துத்தான் தண்ணீர் கேன் போடுகிறவர் கதவைத் திறக்க வேண்டுமா? அவர் கேனை வைத்தார், ஒன்றும் கேட்கவில்லை, போய்விட்டார். மறுநாளிலிருந்து கேனை வாசலிலேயே வைத்தார்.

மிளகு அதற்கும் மசியவில்லை. வழக்கம்போல நாலு உறிஞ்சு, ஒரு அலறல்.

"உங்க பொண்ணுக்கு உங்க பிடிவாதம்" என்றாள் மைக்கம்மா சாயங்காலம், செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் வாசற்படியில் உட்கார்ந்து.

"என் பிடிவாதம்னா தையல் மாதிரி இழுத்தா பிரிஞ்சிடும். இது உன்னோடதுதான்" என்றார் அவர். சிரிப்பு இருவருக்கும் வரவில்லை. குழந்தையின் கன்னம் வற்றியிருந்தது.

வார விடுமுறை நாளில் மைக்கம்மா, தான் வீட்டில் இருக்கக் கூடாது என்று மாடியில் அண்ணி வீட்டுக்குப் போய்விட்டாள். நாத்தனாரை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்குக் கூண்டில் மாற்று ஆள். "தகரம்" என்று அவருக்குப் பட்டப்பெயர், குரலைக் கேட்டால் காரணம் கேட்க மாட்டீர்கள். அன்று மிளகு பாட்டிலை முழுசாகக் குடித்துவிட்டுத் தூங்கினாள். தையல்காரர் மாடிப்படியில் தடதடவென்று ஏறி வந்து காலிப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். அண்ணி, "நான் சொன்னேன்ல?" என்றார். என்ன சொன்னார் என்று அவருக்கே நினைவிருந்திருக்காது. மைக்கம்மா அண்ணியின் கட்டிலிலேயே விழுந்து, சாயங்காலம் வரை அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். மிளகு பாட்டிலைத் துப்பினாள்.

அடுத்த விடுமுறையிலும் அதேதான். அம்மா மாடியில் இருக்கும் நாளில் மிளகு குடிக்கிறாள், வேலைக்குப் போகும் நாளில் மாட்டேன் என்கிறாள். "நான் வேலைக்குப் போறது தெரிஞ்சு பழி வாங்குதுங்க இது" என்றாள் மைக்கம்மா. அலுப்பில்தான் அப்படிப் பேசுகிறாள் என்று தெரிந்தும் தையல்காரர் மறுக்கவில்லை. அவருக்கும் அப்படித்தான் தோன்றத் தொடங்கியிருந்தது. உறைகள் தைக்காமல் கிடந்தன. விடுதிக்காரர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

ஒரு மதியம், வண்டிகள் சற்று ஓய்ந்த நேரம், மனசு கேட்காமல் அவள் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"குடிக்கிறாளா?"

"ஷ்ஷ்... இப்பத்தான் வாயில வச்சிருக்கேன். குடிக்கிறா, குடிக்கிறா. எனக்குக் கை இல்ல, போனைப் பக்கத்துல வைக்கிறேன்."

"வைங்க. கட் பண்ணாதீங்க. அந்தச் சத்தத்தையாவது கேட்கிறேன்."

சப் சப் என்று சீராகக் கேட்டது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. மேல்சட்டை நனைவது தெரிந்தது. துப்பட்டாவை இறுக்கிக்கொண்டாள். அப்போது ஒரு நடத்துநர் வந்து கண்ணாடியில் தட்டினார். வண்டி தயார். இடது காதில் போனை வைத்தபடியே வலது கையால் மைக் சுவிட்சைப் போட்டு, "துறைமுகம் செல்லும் பேருந்து" என்று தொடங்கினாள்.

போனுக்குள்ளிருந்து யாரோ, "துறைமுகம் செல்லும் பேருந்து" என்றார்கள்.

ஒரு கணம் பிந்தி, ஜன்னல் வழியாக வந்து, அவள் குரல் அவள் காதிலேயே விழுந்தது. சப் சப் நின்றது. வாக்கியத்தை முடிக்காமல் விட முடியாது, பழக்கம். "...நான்காம் நடைமேடையில்" என்று அவள் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் ஒரு சின்ன முனகல், பிறகு வீல் என்ற அலறல். அவள் திகைப்பில் சுவிட்சை அணைக்கவில்லை. காதிலிருந்த போனோ கையோடு இறங்கி மைக்குக்குப் பக்கத்தில் வந்திருந்தது. மிளகின் அழுகை எல்லா நடைமேடையிலும், எல்லா ஒலிபெருக்கியிலும், கழிப்பறை வரைக்கும் முழங்கியது. கைக்குழந்தையோடு நின்ற பெண்கள் எல்லாரும் குனிந்து தங்கள் குழந்தையைப் பார்த்தார்கள்.

மேலாளர் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வருவதற்குள் சுவிட்சை அணைத்துவிட்டாள். பிறகு போனில் கேட்டாள்.

"ஏங்க, இப்ப அங்க என்ன சத்தம் கேட்டுச்சு?"

"என்ன சத்தம்? ஒரு சத்தமும் இல்லையே. நல்லாத்தான் குடிச்சிட்டிருந்தா, திடீர்னு..."

"ஜன்னல் பக்கம் எதுவும் கேக்கலையா?"

"ஜன்னல்ல ஒரு காக்காகூட இல்லம்மா."

"என் குரல்ங்க! மைக்ல நான் பேசினது! அது உங்களுக்குக் கேக்கலையா?"

அந்தப் பக்கம் குழந்தையின் அழுகை ஜன்னல் பக்கம் நகர்ந்தது.

"அட" என்றார் தையல்காரர். "அது நீதான்ல?"

அம்மா பக்கத்தில் இருக்கக் கூடாது, குரல் கேட்கக் கூடாது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவளும் விடிந்ததும் வீட்டை விட்டுக் கிளம்பி, ஊரிலேயே பெரிய மைக்கின் முன்னால் போய் உட்கார்ந்து, நாள் முழுக்க வீட்டுக்குள் பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். வாயில் ஏதோ ரப்பர் இருக்கிறது, அம்மாவின் குரல் வருகிறது, அம்மாவைக் காணோம். அந்தக் குழந்தை வேறு என்னதான் செய்யும்? தெருவுக்கே மரத்துப்போன சத்தம் அந்த ஒரு சின்னக் காதில் மட்டும் விழுந்திருக்கிறது. மைக்கம்மாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மேலாளர் திட்டியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

கண்டுபிடித்தாயிற்று, சரி. கண்டுபிடித்து என்ன செய்ய? ஜன்னலைச் சாத்தினார்கள். கம்பத்து ஒலிபெருக்கிக்கு அந்த ஜன்னல் ஒரு பொருட்டே இல்லை. பின்பக்கம் தகடு போட்டு இறக்கியிருந்த சமையலறைக்குள் தூக்கிக்கொண்டு போனால் கூரை வழியாக இன்னும் கணீரென்று கேட்டது. இப்போது தையல்காரருக்கும் கேட்கத் தொடங்கிவிட்டது. "ஐயோ, எவ்வளவு பேசற நீ!" என்று அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒலிபெருக்கியை மட்டும் கொஞ்ச நாள் அணைக்க முடியுமா என்று கேட்டதற்கு, எல்லாம் ஒரே கம்பியில் போகிறது என்றார் மேலாளர். தகரத்தோடு ஷிப்ட் மாற்றிக் கேட்டதற்கு, அவருக்கு இன்னொரு நிலையத்தில் வேலை என்று தெரிந்தது.

மறுநாள் மைக்கம்மா தன் புத்தியில் பட்டதைச் செய்தாள். கணவர் பாட்டிலை வாயில் வைத்ததும் மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். குடித்து முடித்ததும் இன்னொன்று. இடைப்பட்ட நேரம் இவள் வாயைத் திறக்க மாட்டாள். முதல் மிஸ்டு கால் வந்தது. வாயை மூடினாள். ஒரு பேருந்து போனது, அது தினமும் போகிற வண்டி, பழகியவர்கள் ஏறிக்கொண்டார்கள். அடுத்த வண்டி நடைமேடை மாறி வந்தது. நடத்துநர் கண்ணாடியில் தட்டினார். அவள் கையைக் காட்டினாள், இருங்க என்று. அவர் இன்னும் தட்டினார். அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி பாதிக் காலியாகப் புறப்பட்டுப் போய்விட்டது. தவறவிட்டவர்கள் கூண்டைச் சூழ்ந்துகொண்டார்கள். பரீட்சைக்குப் போக வேண்டிய ஒரு பெண் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்து அழுதாள். இரண்டாவது மிஸ்டு கால் அதற்குப் பிறகுதான் வந்தது.

அன்று மேலாளர் கத்தவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

"உன் கஷ்டம் புரியுதும்மா. எனக்கும் பிள்ளைங்க இருக்கு. ஆனா அந்தப் பொண்ணு அழுததைப் பார்த்தியா? இன்னொரு தடவை இப்படி நடந்தா நான் உன்னை இங்க வச்சிருக்க முடியாது."

"இனிமே நடக்காது சார்" என்றாள். கண்ணாடியில் அந்தப் பெண்ணின் விரல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. அவளே துணி எடுத்துத் துடைத்தாள்.

வீட்டுக்கு வந்து முகம்கூடக் கழுவாமல் சொன்னாள், "விட்டுடறேங்க. எனக்கு முடியல. உடம்பும் முடியல, மனசும் முடியல."

தையல்காரர் மிளகை அவள் மடியில் கொடுத்துவிட்டு, நிலுவையில் கிடந்த உறைகளைத் தைக்க உட்கார்ந்தார். மிஷின் கடகடவென்று ஓடியது. கொஞ்ச நேரத்தில் நிறுத்தினார். மறுபடி ஓட்டினார். மறுபடி நிறுத்தி ஜன்னலைப் பார்த்தார். சாயங்கால ஷிப்டில் யாரோ எதையோ அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, மிஷின் ஓடறப்ப அது கேக்குதா உனக்கு?"

"எது?"

"மைக்."

அவள் காதைக் கூர்மையாக்கினாள். அவர் மிதியை அழுத்தினார். வேறு ஒன்றுமே கேட்கவில்லை. நிறுத்தினார். "...பயணிகள் கவனத்திற்கு" என்று மீதி வாக்கியம் வந்து விழுந்தது.

"அட ராமா! பால் கொடுக்கணும்னு தினமும் நான்தானே பொறுப்பா மிஷினை நிறுத்தினேன்!" என்று நெற்றியில் அறைந்துகொண்டார். பிள்ளை பசியாற வேண்டுமே, சத்தம் வேண்டாமே என்று அக்கறையாக வேலையைப் போட்டுவிட்டு எழுந்து போனவர் அவர். மிளகுக்குப் பிறந்ததிலிருந்தே அந்தக் கடகடப்பு தாலாட்டு.

மறுநாள் ஊசியைக் கழற்றி டப்பாவில் போட்டார், நூலை எடுத்தார், வெற்று மிஷினின் முன் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் சாய்த்துப் பாட்டிலை வாயில் வைத்துக் காலால் மிதியை அழுத்தினார். வேலையில்லாமல் மிஷின் ஓட்டுவது தையல்காரர்களுக்கு ஆகாத காரியம், பார்க்கவே அவருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. மாடியிலிருந்து வந்த அக்கா வாசலில் நின்று பார்த்தார்.

"ஊசியும் இல்ல, துணியும் இல்ல, என்னடா தைக்கிற?"

"காத்துக்குத் தலையணை உறை தைக்கிறேன்க்கா. பேசாம போ."

மிளகு அன்று பாதிப் பாட்டில் குடித்தாள். மறுநாள் முக்கால். அந்த வாரக் கடைசியில் முழுசு. கூண்டில் மைக்கம்மா தயங்காமல் எல்லா வண்டிக்கும் சொன்னாள். போனில் இரண்டாவது மிஸ்டு கால் வரும்போதெல்லாம் டீக்கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தாள், அவரும் காரணம் தெரியாமல் சிரித்து வைத்தார். நர்ஸ் எடையைப் பார்த்துவிட்டு, "இது பிள்ளை!" என்றார். மாதக் கடைசி வந்தது, போனது, வேலை அப்படியே இருந்தது.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. பகலில் கட்டிக் கல்லாகும் மார்பு மெல்ல இளகியது. துப்பட்டாவை இழுத்து மூட வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு ஓடி வந்து மடியில் போட்டால், மிளகு கொஞ்சம் குடிப்பாள், பிறகு பொத்தானைப் பிடித்து விளையாடுவாள், அப்பாவின் கையில் இருக்கும் பாட்டிலைப் பார்த்துக் காலை உதைப்பாள். இரவில் எழுப்புவதும் குறைந்துவிட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு மைக்கம்மா தூங்கினாள். தூங்கி எழுந்தும் அசதி போகவில்லை, அது எங்கேயோ எலும்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டிருந்தது. ஆனாலும் குறை சொல்ல அவளுக்கு ஒன்றும் இல்லை. கேட்டது கிடைத்துவிட்டது.

ஒருநாள் மதியம் மிஸ்டு கால் வரவில்லை. அதற்குப் பதில் போனே அடித்தது. அவளுக்குத் திக்கென்றது.

"என்னங்க ஆச்சு?"

"மிஷின் பெல்ட் அறுந்துடுச்சு."

"பிள்ளை குடிச்சிட்டிருக்கறப்பவா?"

"அதைத்தானே சொல்ல வர்றேன். பாதியில அறுந்துச்சு. அந்த நேரம் பார்த்து உன் துறைமுகம் வண்டி. போச்சுடா சாமின்னு நான் கண்ணை மூடிக்கிட்டேன்" என்றார். குரலில் சிரிப்பு பொங்கியது. "நீ கணீர்னு பேசற, இவ பாட்டுக்குக் குடிக்கிறா! நிறுத்தல. நிமிர்ந்துகூடப் பாக்கல. இனிமே மிஷினும் வேணாம், மிஸ்டு காலும் வேணாம். ஜெயிச்சுட்டோம்மா!"

"நல்லதுங்க" என்றாள். "இன்னும் குடிக்கிறாளா?"

"அடியில கொஞ்சம் இருக்கு."

"போனை வைக்காதீங்க. அவ முகத்தையே பாருங்க."

சொல்வதற்கு அப்போது வண்டி எதுவும் இல்லை. நடைமேடைகள் காலியாகக் கிடந்தன. அவள் சுவிட்சைப் போட்டாள். "பயணிகள் தங்கள் உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்றாள். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, மிளகைத் தொட்டிலில் போட்டுப் பேசும் குரலில். மறுபடியும் சொன்னாள். சுவிட்சை அணைத்தாள்.

"திரும்பினாளா?"

"யாரு?"

"அவதாங்க. ஜன்னல் பக்கம் திரும்பினாளா?"

"அதெல்லாம் இல்ல, கவலையே படாத. பாட்டில் காலி. கண்ணு சொக்குது, தூங்கப் போறா." அவர் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனார். பிறகுதான் அவள் மூக்கை உறிஞ்சுவது அவருக்குக் கேட்டது. "ஏம்மா? அழறியா என்ன?"

"ஆமா" என்றாள் மைக்கம்மா, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "சந்தோஷம்தாங்க. இல்லேன்னு சொல்லல. இருந்தாலும் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம், கழுதை."